இரு கம்பிகள் இரு வழிகள் ஆகா

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைத் தலைவர் அறிவித்தபோது உங்களுள் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டேன். யாப்பும் சொல்லாராய்ச்சியும் பேசவேண்டிய தமிழாசிரியனுக்கு இணையக் கம்பியும் திசைவியும் எதற்கு என்பது அம் முறுவலின் பொருள். ஐயம் முறையானதே. நான் மின்னியல் கற்றவன் அல்லேன். இலக்கணம் கற்பித்தே முப்பது ஆண்டு கழித்தவன். ஆயினும், சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, இதனைக் கற்றே ஆகவேண்டும் என்னும் நிலைக்கு என்னைத் தள்ளிற்று. கற்று முடித்தபின், அந் நிகழ்ச்சிக்கு மூல கரணியம் மொழியே என்பது விளங்கிற்று. அதனாற்றான் இதனை உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

நிகழ்ந்தது இது

எங்கள் பள்ளிக்கு இணைய இணைப்புகள் இரண்டு உண்டு. இரண்டும் இரு வேறு நிறுவனத்தாரிடம் பெற்றவை. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் என்று எண்ணி, இரண்டாவதனைப் பெற்றோர் தம் கைப்பொருளை ஈந்து வாங்கித் தந்தனர். அதனைப் பூட்டித் தந்தவர் பெட்டியைத் தட்டிக் காட்டி, "லோடு பேலன்சிங் இருக்கிறது, பெயில் ஓவர் இருக்கிறது, இனிக் கவலையே இல்லை, ஐயா" என்றார். தலைமையாசிரியர் தலையசைத்தார். நானும் அசைத்தேன். பொருள் தெரியாத மந்திரத்தைக் கேட்டுக் கைகட்டி நிற்பவர்க்கும் எங்களுக்கும் அன்று வேற்றுமை இல்லை!

கல்லூரிச் சேர்க்கைக்கு இணையவழி வேண்டுகைப் படிவம் விடுப்பதற்குரிய கடைசி நாள் வந்தது. மாணாக்கர் பதினேழு பேர் கணினியறையில் இருந்தனர். முற்பகல் பதினொரு மணியளவில், வைக்கோல் உயர ஏற்றிய சரக்குந்து ஒன்று தெருமுனையில் திரும்புகையில், தாழ்ந்து தொங்கிய கம்பியை இழுத்துச் சென்றது. அறுந்தது ஒன்றன்று, இரண்டும் அறுந்தன! இரு நிறுவனத்தாரும் தத்தம் கம்பியை ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில் கட்டித் தொங்கவிட்டிருந்தனர்.

மாணாக்கரை அழைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடினோம். பதினாறு பேரின் படிவங்கள் இரவுக்குள் சென்று சேர்ந்தன. ஒரு மாணவி, விட்டுப்போன சான்றிதழை எடுத்துவர வீட்டுக்குச் சென்று மீள்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அவள் கூலிவேலை செய்யும் பெற்றோரின் மகள்; தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்க இருந்தவள். அவள் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

மறுநாள் வந்த பூட்டுநரைக் கடிந்து கேட்டோம். "இரண்டு இணைப்புக் கேட்டீர்கள், இரண்டு தந்தேன். இரண்டும் வேறு வேறு வழியாக வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே, ஐயா" என்றார். அவர் கூற்றில் பொய் இல்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அவர் ஓதிய இரு சொற்களுக்கும் பொருள் தெரியாமலே அவற்றை வாங்கிக்கொண்டோம். பொருள் தெரியாத இடத்தில் கேள்வி எங்ஙனம் பிறக்கும்?

அன்று மாலையே என் பழைய மாணவர் ஒருவரை நாடினேன். அவர் இத்துறையில் பணிபுரிபவர். பல மாலைகள் எனக்குக் கற்பித்தார். அவர் ஆங்கிலத்திற் சொல்லச் சொல்ல, "தமிழிற் சொல், தம்பி" என்று நான் தடுத்துக்கொண்டே இருந்தேன். முதலில் திணறினார். பிறகு, "ஐயா, தமிழிற் சொல்லும்போதுதான் எனக்கே சில இடங்கள் தெளிவாகின்றன" என்றார். அவர் எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கின்றேன்.

திசைவியும் பொதியும்

இணையத்திற் செல்லும் எச் செய்தியும் முழுதாய்ச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாய்ப் பகுக்கப்பட்டுச் செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் புறப்பட்ட முகவரியும் சேரவேண்டிய முகவரியும் இருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு கூடலிலும் ஒரு கருவி நின்று, முகவரியைப் பார்த்து, "நீ இவ்வழிச் செல்" என்று திசைகாட்டி விடுகின்றது. திசைகாட்டி விடுவதால் அது திசைவி. கடைத்தெருவில் 'ரவுட்டர்' என்று வழங்குவது இதுவே.

இப் பொதிமுறைக்கு அடிகோலியவருள் இருவர் தலையாயவர். அமெரிக்காவின் பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் பிழைத்திருக்கும் செய்தி வலையை ஆராய்ந்து 1964-இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார். பிரித்தானியாவின் தொனால்டு தேவீசு, 1965-ஆம் ஆண்டளவில் தனியே இதே கருத்துக்கு வந்து சேர்ந்தார். பாரன் காட்டிய ஓர் உண்மையை நாம் நெஞ்சிற் பொறிக்க வேண்டும். ஒரு நடுவத்திலிருந்தே எல்லாக் கிளைகளும் பிரியும் வலை, அந் நடுவம் வீழ்ந்த அளவில் முழுதும் வீழும். மீன்வலை போல ஒவ்வொரு கண்ணும் பல கண்களோடு பிணைந்திருப்பின், பல முடிச்சுகள் அவிழ்ந்தபின்னும் எஞ்சியவை ஒன்றோடொன்று பேசும். அதற்கு வேண்டும் பிணைப்பு அளவிறந்ததன்று. குறைந்த அளவினும் மூன்று நான்கு மடங்கு இருந்தாற் போதும் என்று அவர் கணித்துக் காட்டினார்.

சுமைப்பகிர்வு

'லோடு பேலன்சிங்' என்று பூட்டுநர் ஓதியது சுமைப்பகிர்வு. இரண்டு கம்பிகள் இருக்கும்போது, ஒன்றை மூச்சுத் திணற விட்டு மற்றொன்றைச் சும்மா கிடத்தாமல், பொதிகளை இரண்டிலும் பகிர்ந்து விடுவது அது.

எவ்வாறு பகிர்வது? 'முதற் பொதி இவ்வழி, அடுத்தது அவ்வழி' என்று மாற்றி மாற்றி விடலாம். காண எளிது; ஆயின் கேடுடையது. ஒரு வழி சற்று விரைவானது, மற்றொன்று சற்று மெதுவானது எனின், பின்னே புறப்பட்ட பொதி முன்னே சேரும். ஒரு மடலின் பக்கங்கள் முன்பின்னாய் வந்து சேர்ந்தாற் போல, ஏற்கும் கணினி இடர்ப்படும், இடையிற் பொதி தொலைந்தது என்று கருதி மீண்டும் கேட்கும், விரைவு குன்றும்.

ஆகவே திசைவிகள் உரையாடல்வாரியாகப் பகிர்கின்றன. புறப்பட்ட முகவரி, சேரும் முகவரி, இரு முனைகளின் வாயில் எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தையும் கொண்டு ஒரு கணக்கிட்டு, வரும் விடைக்கேற்ப வழியைத் தேர்கின்றன. ஓர் உரையாடலின் பொதிகள் அனைத்துக்கும் இவ் வைந்தும் ஒன்றாகவே இருக்குமாதலின், அவை அனைத்தும் ஒரே வழியிற் செல்லும். வரிசை குலையாது.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. நொடிக்கு 100 மெகாபிட் தாங்கும் கம்பிகள் இரண்டு வாங்கினால், ஒரு கோப்பு 200 விரைவில் வந்து இறங்கும் என்று எண்ணுவது பிழை. அவ் வொரு கோப்பு ஒரு கம்பியின் வழியேதான் வரும். பலர் ஒருங்கே பயன்படுத்தும்போதுதான் இரண்டாவது கம்பியின் பயன் தெரியும். விற்பவர் இதனைச் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இரு நிறுவனத்தாரிடம் இணைப்புப் பெற்றால், வெளியுலகுக்கு நம் பள்ளியின் முகவரியும் இரண்டாகிவிடும். வைப்பகத்தின் தளத்தில் ஒரு முகவரியோடு நுழைந்தவர், அடுத்த நொடியில் வேறு முகவரியோடு தோன்றினால், அத் தளம் அவரைக் கள்வரென்று ஐயுற்று வெளியேற்றிவிடக்கூடும். ஆதலின், ஒருவர் தொடங்கிய பணி முடியுமட்டும் அவரை ஒரே வழியில் நிறுத்திவைக்குமாறு திசைவிக்குப் பணிக்க வேண்டும். இரண்டு கம்பிகளும் ஒத்த ஆற்றல் உடையன அல்லவெனின், பகிர்வும் ஒப்பப் பகிர்வாய் இருத்தல் ஆகாது. 100-க்கு இரண்டு பங்கும் 50-க்கு ஒரு பங்கும் என்று எடையிட்டு அமைக்க வேண்டும்.

மாற்றேற்பு

'பெயில் ஓவர்' என்பதற்கு நாங்கள் வைத்த பெயர் மாற்றேற்பு. ஒன்று வீழ்ந்தக்கால் அதன் மாற்று தானே பணியை ஏற்பது. ஆள் ஓடிவந்து கம்பியை மாற்றிச் செருகுவது மாற்றேற்பு ஆகாது.

சுமைப்பகிர்வும் மாற்றேற்பும் ஒரு பெட்டிக்குள் இருப்பினும் ஒன்றோடொன்று பூசலிடும் இயல்பின. இதனை அருள்கூர்ந்து கூர்ந்து நோக்குங்கள். நூறு தாங்கும் கம்பிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 80 ஓடுகின்றது, ஆக 160. எல்லாரும் மகிழ்கின்றனர். ஒரு கம்பி வீழ்கின்றது. 160 முழுவதும் 100 மட்டுமே தாங்கும் மற்றொன்றின்மேற் பாய்கின்றது. அதுவும் திணறி நிற்கின்றது. மாற்றேற்பு நிகழ்ந்தது, ஆனால் பணி நிகழவில்லை! இரண்டு கம்பி உடையார் ஒவ்வொன்றையும் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைத்திருந்தால்தான், ஒன்று வீழ்ந்தபோது மற்றொன்று முழுச்சுமையும் தாங்கும். மூன்று உடையார் ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்பலாம். நிரம்பிய பிறகு இரண்டாவது கம்பி காப்பாக இராது. நாம் வழக்கமாய் உண்ணும் சோற்றின் ஒரு பகுதியாகிவிடும். விதைநெல்லைக் குத்தித் தின்றவன் நிலைதான் பிறகு.

தலைமை ஏற்கும் முறை

இதுவரை கம்பிகளைப் பேசினோம். திசைவியே பழுதுற்றால்? இரண்டு கம்பியும் ஒரு திசைவியில் வந்து முடியுமாயின், அத் திசைவி வீழ்ந்தால் இரண்டும் வீணே. ஆகவே இடர் தாங்க வேண்டிய இடங்களில் திசைவியையும் இரண்டாக வைக்கின்றனர். அப்போது ஒரு சிக்கல் எழுகின்றது. வீட்டிலுள்ள கணினிகள் ஒவ்வொன்றுக்கும், 'வெளியே செல்லும் வாயில் இது' என்று ஒரே ஒரு முகவரியைத்தான் சொல்லி வைத்திருப்போம். அம் முகவரிக்குரிய திசைவி வீழ்ந்தால், அருகே மற்றொன்று உயிரோடு நின்றாலும் கணினிகள் அதனை அறியா.

இதற்குக் கண்ட தீர்வு அழகியது. வாயில் முகவரியை எத் திசைவிக்கும் தனியுரிமை ஆக்காமல், இரண்டுக்கும் பொதுவான ஒரு பதவியாக்கிவிட்டனர். பதவி ஒன்று, அதில் அமர்பவர் மாறுவர். கணினிகள் பதவியை மட்டும் அறியும். அமர்ந்திருப்பது யார் என்பதனை அறியா. இதற்கான பொது நெறிமுறை 1998-இல் வெளியிடப்பட்டது. வி.ஆர்.ஆர்.பி. என்னும் எழுத்துகளால் அதனைக் குறிப்பர்.

அதன் நடைமுறை கேளுங்கள். பதவியில் இருக்கும் தலைமைத் திசைவி, நொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கின்றேன்' என்று 224.0.0.18 என்னும் பொது முகவரிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அடுத்த நிலையில் உள்ளது வாய்திறவாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு குரல் கேளாமற் போனால் அது பதறுவதில்லை, மும்முறை பொறுக்கின்றது. மூன்று நொடியும் அதற்கு மேற் சிறு பொழுதும் கடந்தபின்னரே தலைமையை ஏற்கின்றது. அச் சிறு பொழுது எவ்வளவு? ஒவ்வொரு திசைவிக்கும் 1 முதல் 254 வரை ஒரு முதன்மை எண் கொடுக்கலாம். நாம் ஒன்றும் கொடாவிடின் அது 100. எண் மிகுந்தது சற்றுக் குறைவாகக் காத்திருக்கும். குறைந்தது சற்று மிகுதியாகக் காத்திருக்கும். 200 என்னும் எண் உடையது ஏறத்தாழ 3.2 நொடியில் எழும். 100 உடையது 3.6 நொடியில் எழும். ஆகவே பலர் காத்திருப்பினும் தக்கவரே முதலில் எழுவார், பூசல் இல்லை.

இன்னும் ஒரு நயம் உண்டு. தலைமைத் திசைவியை நாமே முறைப்படி நிறுத்தும்போது, அது தன் முதன்மை எண்ணைச் சுழி என்று அறிவித்துவிட்டு விலகும். கேட்ட அளவில், மூன்று நொடி காத்திராமலே அடுத்தது அமரும். பதவியை விடும்போது அறிவித்துவிட்டு விடுவது ஒரு பொறிக்குத் தெரிகின்றது. மாந்தருட் பலர்க்குத் தெரியவில்லை!

இரண்டாவது திசைவி வாளா காத்திருப்பது வீண் என்று எண்ணுவோர், இரண்டு வாயில் முகவரிகளை அமைப்பர். ஒன்றுக்கு முதல் திசைவி தலைமை. மற்றதற்கு இரண்டாவது தலைமை. கணினிகளிற் பாதி ஒன்றையும் பாதி மற்றொன்றையும் நாடும். ஒன்று வீழின் எஞ்சியது இரு பதவியும் தாங்கும். சுமைப்பகிர்வும் மாற்றேற்பும் இங்கே ஒருங்கே அமைகின்றன. முன்பு சொன்ன பாதியளவுக் கட்டுப்பாடு இங்கும் உண்டு என்பதனை மறத்தல் ஆகாது.

வீழ்ந்ததை அறிவது எவ்வாறு?

மாற்றேற்பின் உயிர்நிலை, வீழ்ச்சியைச் செவ்வையாய் அறிவதில் உள்ளது. எங்கள் பள்ளித் திசைவி, கம்பியின் மறுமுனையிலுள்ள மோடம் பெட்டி விளக்கெரிகின்றதா என்று மட்டும் பார்க்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. பெட்டி நம் அறையிலேயே இருக்கின்றது. அது மின்னாற்றல் உள்ளவரை எரிந்துகொண்டுதான் இருக்கும். தெருவில் கம்பி அறுந்தாலும், நிறுவனத்தாரின் நடுவமே இருண்டாலும், நம் திசைவி 'வழி நலம்' என்றே எண்ணிப் பொதிகளை அப் படுகுழியிற் கொட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்திருப்பதனால் தெரு இருக்கின்றது என்று ஆகுமா?

ஆகவே நெடுந்தொலைவிலுள்ள முகவரி ஒன்றனை அடிக்கடி வினவி மறுமொழி பெறுமாறு பணிக்க வேண்டும். ஒன்றே வினவினால், அம் முகவரி தன் சொந்தப் பழுதால் வாளா இருந்தபோது நம் வழி பழுதென்று பிழைபட உணரும். எனவே இரண்டு மூன்று முகவரிகளை வினவ வேண்டும். ஒருமுறை மறுமொழி வாராததற்கே வழியை மாற்றலும் ஆகாது. வீழ்ந்த வழி மீண்டவுடன் பாய்ந்து அதற்குத் திரும்பலும் ஆகாது. நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தும் இணைந்தும் அல்லலுறுத்தும் கம்பியோடு சேர்ந்து நாமும் ஊசலாடினால், இரண்டு வழியும் பயனற்றுப் போகும். மீண்ட வழி சில மணித்துளி நிலைத்து நிற்பதனைக் கண்டபின்னரே அதற்குத் திரும்புக என்று அமைக்க வேண்டும்.

ஏழு கம்பி அறுந்த கதை

இனித் தலைப்பின் உட்பொருளுக்கு வருகின்றேன். எங்கள் தெருமுனையில் நிகழ்ந்தது சிற்றூர் அறியாமை என்று எண்ணாதீர்கள். இணையத்தின் தாயாகிய ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலை 1969-இல் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. 1986 திசம்பர் 12-ஆம் நாள், அந் நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதி அவ் வலையினின்று முழுவதும் அற்றுப் போயிற்று. அப் பகுதிக்கு ஏழு தனித்தனி இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் ஆறு. ஆறு போனாலும் ஒன்று என்றே வலையமைத்தோர் எண்ணியிருந்தனர். ஆனால், நிலத்தடியில் அவ் வேழும் ஒரே ஒளியிழை வடத்துக்குள் ஓடின. வடம் ஓரிடத்தில் அறுந்தது. ஏழும் ஒருங்கே மாண்டன. ஏழு என்பது தாளில் இருந்த எண். மண்ணில் இருந்தது ஒன்றே.

2008 சனவரி 30-ஆம் நாள், எகித்து நாட்டின் அலெக்சாந்திரியாவை ஒட்டிய நடுநிலக் கடலில் சீ-மீ-வீ நான்கு, பிளாக் என்னும் இரு கடலடி வடங்கள் பழுதுற்றன. எகித்தும் வளைகுடா நாடுகளும் இந்தியாவும் இணையம் குன்றித் தவித்தன. சீ-மீ-வீ நான்கு நம் சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் வடம். இரு வடங்களுக்கும் உரியவர் வேறு, பெயர் வேறு, ஆனால் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே செல்லும் வடங்கள் பல, எகித்தின் குறுகிய நிலப்பகுதியையும் செங்கடலையும் நெருக்கியடித்துக்கொண்டே கடக்கின்றன. அங்கே ஓரிடத்து ஊறு பல வடங்களைத் தாக்கும். அன்று கிழக்கு நோக்கிச் சிங்கப்பூர் வழியே செல்லும் தொடர்பு உடையவர்கள் தம் சுமையை அப் பக்கம் திருப்பி மூச்சுவிட்டனர். ஈராண்டுக்குள் முன்னதாக, 2006 திசம்பர் 26-இல் தைவானின் தென்கரையில் நேர்ந்த நிலநடுக்கம் கிழக்கே பல வடங்களை அறுத்திருந்தது. மேற்கும் கிழக்கும் ஆகிய இரண்டையும் உடையவனே இவ் விரு முறையும் பிழைத்தவன். மேற்கே பத்து வடம் வைத்திருந்தவன் அல்லன்!

மூன்றாவது எடுத்துக்காட்டு வேறு வகை. 2021 அக்தோபர் 4-ஆம் நாள் முகநூல் நிறுவனத்தின் எல்லாத் தளங்களும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் மறைந்தன. கம்பி எதுவும் அறவில்லை. வழக்கமான பேணுகைப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந் நிறுவனத்தின் முதுகெலும்பு வலை முழுவதையும் துண்டித்தது. பிழையான கட்டளையைத் தடுக்க வைத்த கருவியிலும் பிழை இருந்தது. அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதவேண்டியது. தளப்பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் அவர்களின் பெயர்வழங்கிகள், 'நடுவத்தோடு தொடர்பு அற்றால் நான் பழுதுற்றேன் என்று கருதி, என்னிடம் வாராதீர் என்று உலகுக்கு அறிவித்து விலகுக' என்று அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதுற்றுப் பிற நலமாய் இருப்பின் இது நல்லொழுங்கே. அன்று எல்லாம் ஒருங்கே நடுவத்தை இழந்தன. எல்லாம் ஒருங்கே விலகின. ஏற்பதற்கு மாற்று ஒன்றும் எஞ்சவில்லை. கம்பி வேறு, இடம் வேறு, நாடு வேறாய் இருந்தும், கட்டளை ஒன்றாய் இருந்தமையால் வீழ்ச்சியும் ஒன்றாயிற்று.

இம் மூன்றனாலும் அறியத்தக்கது ஒன்றே. இரண்டு என்று எண்ணுவதற்கு முன், அவ் விரண்டும் எங்கெங்கே ஒன்றாகின்றன என்று தேடுக. ஒரே கம்பமா? ஒரே குழியா? ஒரே மின்வழியா? ஒரே கட்டளையா? ஒன்றாகும் இடம் எதுவோ, அதுவே உங்கள் உண்மை வலிமையின் அளவு.

மிகைமையா, காப்பிருப்பா?

இங்கே சொல்லாராய்ச்சிக்கு இடம் வந்துவிட்டது, பொறுத்தருள்க! இவ்வாறு ஒன்றுக்கு இரண்டாய் வைத்திருப்பதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நம் கலைச்சொற் பட்டியல்களிற் சில 'மிகைமை' என்று பெயர்த்துள்ளன. ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளை நோக்கின் அது பிழையன்று. பயனை நோக்கின் பெரும்பிழை. 'மிகை' என்றால் வேண்டாதது, குறைக்கத்தக்கது என்றே தமிழன் நெஞ்சு உணரும். செலவைக் குறைக்க அமர்ந்த குழுவின் முன் 'மிகைமைக் கம்பி' என்று எழுதி வைத்தால், முதற்கோடு அதன்மேல்தான் விழும். 'காப்பிருப்பு' என்று எழுதிப் பாருங்கள். கோடு இழுக்கக் கை கூசும். களஞ்சியத்தில் வைத்த விதைநெல்லை மிகை என்று எவ் வேளாளன் சொல்வான்? சொல்லாக்கத்தை விளையாட்டென்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். பிழையான சொல் பிழையான முடிவை ஈனும்.

நாங்கள் செய்தது

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு கம்பிதான் கம்பத்தின் வழி வருகின்றது. இரண்டாவது இணைப்பைச் செல்பேசிக் கோபுரத்தின் வழிக் கம்பியின்றிப் பெறுகின்றோம். விரைவு குறைவே, ஆயினும் தெருமுனையில் எச் சரக்குந்தும் அதனை இழுத்துச் செல்லாது. திசைவிக்கும் இரண்டாவது இணைப்பின் கருவிக்கும் தனி மின்கலம் வைத்துள்ளோம்.

பெட்டி பூட்டிய பின் ஒருநாள், முதற் கம்பியை நானே பிடுங்கிப் பார்த்தேன். மாற்றேற்பு நிகழவில்லை! வீழ்ச்சியை அறியும் முறை பற்றி முன்பு சொன்ன குறை அன்றுதான் வெளிப்பட்டது. ஒன்றுமில்லாத ஒரு மாலையில் வெளிப்பட்டதால் அதனைத் திருத்தினோம். கடைசி நாளில் வெளிப்பட்டிருந்தால் இன்னொரு பிள்ளையின் ஓராண்டு போயிருக்கும். அன்றுமுதல் திங்களின் முதற் காரிக்கிழமை தோறும், மாணாக்கர் முன்னிலையிற் கம்பியைப் பிடுங்கி ஒத்திகை பார்க்கின்றோம். எத்தனை நொடியில் மாற்று ஏற்றது என்று மாணாக்கரே குறிப்பேட்டில் எழுதுகின்றனர், தமிழில்.

உங்கள் பள்ளியிலோ, படிப்பகத்திலோ, அச்சகத்திலோ, மருத்துவமனையிலோ இரண்டு இணைப்பு இருக்குமாயின், நாளையே சென்று ஐந்து கேள்விகள் கேளுங்கள். இரண்டும் எங்கே ஒன்றாகின்றன? ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று முழுச்சுமையும் தாங்குமா? வீழ்ந்ததை அறிவது எவ்வாறு? மீண்டபின் திரும்புவது எப்போது? கடைசியாய்ப் பிடுங்கிப் பார்த்த நாள் எது? ஐந்தனுக்கும் தமிழில் விடை சொல்ல அவராற் கூடுமாயின், உங்கள் காப்பு உண்மைக் காப்பு. ஆங்கில எழுத்துகளை அடுக்கி உங்களைத் தலையசைக்க வைப்பாராயின், மீண்டும் கேளுங்கள், விளங்குமளவும் கேளுங்கள்.

தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தோன்றியது. அன்று முதல் நம்மைப் பார்த்து, 'புதிய அறிவுத்துறைகளைத் தமிழிற் சொல்ல முடியுமா?' என்று கேட்கின்றனர். முடியும் என்று மேடையில் முழங்குவதனால் மட்டும் அக் கேள்விக்கு விடை ஆகாது. ஒவ்வொருவரும் தம் கையில் வந்த ஒரு பொருளையேனும் முற்றக் கற்று, அயலார்க்கு விளங்கத் தமிழிற் சொல்லிக் காட்டுவதே விடை. என் கையில் வந்தது இப் பெட்டி. உங்கள் கையில் வேறொன்று இருக்கும்.

அம் மாணவி இவ் வாண்டு கல்லூரியிற் சேர்ந்துவிட்டாள் என்பதனை மகிழ்வோடு கூறி அமைகின்றேன். படிவம் விடுத்த அன்று எங்கள் கணினியறைக்கு வந்தவள், அமர்வதற்கு முன் என்னைப் பார்த்து, "ஐயா, இரண்டும் வேறு வழிதானே?" என்று கேட்டாள். அக் கேள்வியைச் சென்ற ஆண்டே நான் கேட்டிருக்க வேண்டும்.

தமிழிற் கேட்போம்! தமிழில் அறிவோம்! தமிழ் வெல்க!